மாங்கா பர்கர், பங்குனி மட்டும்

— இன்னைக்கும் அதையேதான் திங்கிறியா?

— உக்காருங்க அத்தை. இன்னும் வாயில வைக்கல.

— உக்கார வரல நான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன். வெளிய வெயில் மண்டையப் பொளக்குது, அதான் உள்ள நொழஞ்சேன்.

— ஸ்ரீரங்கத்துலேர்ந்து எப்படி வந்தீங்க?

— ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல மெயின் கார்டு கேட்டு வரைக்கும். அங்கேருந்து நடந்து.

— இந்த வெயில்ல தென்னூர் வரைக்கும் நடந்தா? மொதல்ல தண்ணி குடிங்க.

— ஒன் தண்ணி எனக்கு வேணாம்.

— கடைத் தண்ணி அத்தை, என் தண்ணி இல்ல.

— அந்த வாய் மட்டும் கொறையவே இல்ல. புருசன் செத்து வருசம் திரும்பப் போவுது, வாய் அப்படியே இருக்கு.

— வீட்ட விட்டுப் போன்னீங்க, போயிட்டேன். வாயை அங்கேயே வச்சுட்டு வரணும்னு தோணல. சொல்லுங்க, என்ன வார்த்தை?

— வெள்ளிக்கெழம நவநீதனுக்குத் தெவசம்.

— தெரியும்.

— மொத வருசத் தெவசம். சாதி சனம் பூராவும் வரும். நீ வராத.

— இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஃபோன்ல சொல்லியிருக்கலாமே.

— ஒன் நம்பர அழிச்சுட்டேன்.

— நான் உங்க நம்பர அழிக்கல. மயிலம்மாள்னு கூட இல்ல, அத்தைன்னுதான் இருக்கு. அது கெடக்கட்டும். அத்தை, நான் அவரு பொண்டாட்டி. சமையக்கட்டுப் பக்கம் வரல, கரண்டியத் தொடல, யாருகிட்டயும் பேசல. படையல் போட்டு தண்ணி சுத்திக் கும்பிடுவீங்கல்ல, அந்த அஞ்சு நிமிஷம் ஓரமா நிக்கிறேன். கும்பிட்டுட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறேன். உறையூர் என்ன அமெரிக்காவா, வந்த சுவடு தெரியாமத் திரும்பிடுவேன்.

— பொண்டாட்டிங்கிற நெனப்பு போன வருசம் இதே நாற்காலியில உக்காந்து தின்னப்ப இருந்திருக்கணும்.

— இது இல்ல. அந்தா, ஃபேனுக்குக் கீழ இருக்கே, அந்த நாற்காலி.

— கேட்டியா கதைய. நாற்காலியக் கூட ஞாபகம் வச்சிருக்கா.

— நீங்களுந்தான ஞாபகம் வச்சிருக்கீங்க. எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கீங்க இந்தக் கதைய. நம்ம மேலூர் ரோட்டுல பால் ஊத்த வர்றவருக்குக் கூடத் தெரியும்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட மட்டும்தான் நேரா உக்காந்து சொன்னதில்ல. சொல்லுங்க, இன்னைக்கு நானும் கேட்டுக்கிறேன்.

— சொல்ல மாட்டேன்னு நெனச்சியா? எம்புள்ளைக்கு முப்பத்தி நாலு வயசு. துவாக்குடியில வெல்டிங் பட்டறையில இரும்ப வளைச்ச ஒடம்பு. சோத்துக்குழாயில கட்டின்னாங்க. தொண்டக்குழியில ஒரு பருக்க எறங்கல. வயித்துல ஓட்ட போட்டு, ரப்பர் கொழா வச்சு, அதுல கஞ்சித்தண்ணி ஊத்துனாங்க. யாரு கையில இருக்கு இனிமே, ஆத்தா கையிலதான்னு சமயபுரத்துக்கு ஓடுனேன். மாசிக் கடேசி ஞாயித்துக்கெழமலேருந்து சனங்க நல்லா இருக்கணும்னு ஆத்தாளே பச்சப் பட்டினி கெடக்குறா, இருவத்தெட்டு நாளு. அவளுக்கே சோறு கெடையாது. நீயும் நானும் அவ சன்னதியில நின்னு காப்பு கட்டுனோமா இல்லையா?

— கட்டுனோம்.

— அவ கூடவே நாங்களும் கெடக்குறோம் தாயே, அடுப்புல ஏறுன எதையும் வாயில வைக்க மாட்டோம், எம்புள்ளையக் குடுத்துருன்னு சொன்னோமா இல்லையா?

— சொன்னோம்.

— துள்ளுமாவு, எளநி, நீர்மோரு, பானகம். இருவத்தஞ்சு நாளு ஓடிப்போச்சு. இருவத்தாறாம் நாளு வியாழக்கெழம, எங் கொழுந்தன் பெரியண்ணன் இந்தத் தெருவுல பைக்க ரிப்பேருக்கு வுட்டுட்டு நடந்து வர்றான். கண்ணாடி வழியா யாரோ மஞ்சச் சீல தெரியுதேன்னு பாக்குறான். பாத்தா எங்க வீட்டு மருமவ. ஒரு கையில ஃபோனு, ஒரு கையில கோழிக்கறி வச்ச ரொட்டி. சிரிச்சுக்கிட்டுத் திங்கிறா. அவன் வந்து சொல்லறப்ப அவனுக்கே வாய் கொழறுச்சு. அண்ணி, நான் பாத்திருக்கக் கூடாது, பாத்துட்டேன்னான். வெள்ளி ஒரு நாளு. சனிக்கெழம விடியக்காலம் எம்புள்ள போயிட்டான். விரதம் முடிய ஒரே ஒரு பொழுதுதான் பாக்கி. மிச்சம் மூணு நாளு வாயக் கட்ட முடியல ஒனக்கு.

— இததான் கருமாதி அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடியும் சொன்னீங்க.

— சொன்னேன்.

— விரதத்த முறிச்சு எம்புள்ளையத் தின்னுட்டான்னு சொன்னீங்க.

— ஆமா. சொன்னேன்.

— உங்க கையில காப்பக் காணமே அத்தை.

— என்ன?

— பங்குனி பொறந்து பாதி போயிடுச்சு. ஆத்தா பட்டினியிலதான் இருக்கா. மாமா இருந்த காலத்துலேர்ந்து ஒரு வருஷம் விட்டதில்ல நீங்க. மஞ்சச் சீலையும் இல்ல, காப்பும் இல்ல.

— யாருக்காகக் கட்டறது?

— ஊருக்காகத்தான் அவளே இருக்கான்னு நீங்கதான் சொல்லுவீங்க.

— ஆத்தாளுக்கும் எனக்கும் இந்த வருசம் பேச்சுவார்த்த இல்ல. அத வுடு. சொல்ல வந்தத சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காத.

— ரஞ்சனிக்கா, சாரி, பேச்சுல குறுக்க வர்றேன். அம்மாவுக்கும் ஒரு மாங்கா பர்கர் போட்டுடவா? பங்குனி முடிஞ்சதும் நிறுத்திடுறோம்க்கா. அப்புறம் அடுத்த பங்குனிதான்.

— வேணாம் லின்சி. அத்தை வெளியில எதுவும் சாப்பிட மாட்டாங்க.

— ஓ, உங்க அத்தையா? நேத்தும் வந்தாங்களேக்கா இதே நேரத்துக்கு. நான்தான் கவுன்ட்டர்ல இருந்தேன்.

— நேத்தா? இவங்களா?

— ஆமாக்கா. ரொம்ப நேரம் போர்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. என்னம்மா வேணும்னு கேட்டேன். எம் மவன் சாப்பிடுறது ஒண்ணு குடுன்னாங்க. அவரு என்ன சாப்பிடுவாரும்மா, சிக்கனா வெஜ்ஜா, ஃபோன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கன்னேன். உடனே திரும்பி வெளிய போயிட்டாங்க. நான் எதுவும் தப்பாக் கேட்டுட்டேனாக்கா?

— இல்ல லின்சி. நீ போ. அந்த ரெண்டாம் நம்பர் டேபிள்ல கூப்பிடுறாங்க பாரு.

— என்ன பாக்குற? போர்டுல பூராவும் இங்கிலீசுல எழுதி வச்சிருக்கானுவ. எந்தப் பேரச் சொல்லிக் கேப்பேன் நான்.

— படையலுக்கா அத்தை?

— அவன் ஆசப்பட்டதெல்லாம் எலையில வைக்கணும்ல. சேனக்கெழங்கு வறுவல் வைக்கலாம், அதிரசம் வைக்கலாம், அதெல்லாம் எனக்குத் தெரியும். இதுக்குத்தான் பேரு கூடத் தெரியல.

— பங்குனியில நம்ம வீட்டுக்குள்ள முட்ட கூட நொழையாதே. இது கோழி அத்தை.

— தெரியும். வைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். யாரு என்ன கேக்குறாங்கன்னு பாக்குறேன்.

— மாங்கா பர்கர்னு கேளுங்க, குடுப்பாங்க. பிஞ்சு மாங்கா வர்ற ஒரு மாசம்தான் போடுவாங்க. கல்யாணம் ஆகி வந்த மொத பங்குனியில என்னை இங்க கூட்டிட்டு வந்தாரு. ஒண்ணு வாங்கிப் பாதிப் பாதி சாப்பிடலாம்னேன். அதெல்லாம் பங்கு போடுற சாமான் இல்லன்னு சொல்லி ரெண்டு வாங்குனாரு. அவருது முடிஞ்சதும் என்னுதுல பாதிய வாங்கித் தின்னாரு.

— பண்ணுவான். சின்ன வயசுலயே அப்படித்தான்.

— பட்டறை விட்டு நேரா இங்க வந்து தின்னுட்டு, கை வாயெல்லாம் கழுவிட்டு, ஒண்ணும் தெரியாத புள்ளையாட்டம் வீட்டுக்கு வருவாரு. நீங்க கிட்ட வந்து மோந்து பாப்பீங்க.

— மாங்கா தின்னேம்மாம்பான். மாங்காதான்னு சத்தியம் கூடப் பண்ணுவான். படுபாவி, பொய்யும் சொல்லல.

— நீங்க சிரிச்சு ஒரு வருஷம் ஆச்சு அத்தை.

— நான் சிரிக்கல. ஒண்ணு வாங்கிக் குடு. எடுத்துக்கிட்டுப் போறேன்.

— இன்னைக்குப் புதன். வெள்ளிக்கிழமைக்கு இன்னைக்கே வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?

— ஃபிரிட்ஜுல வச்சுக்கிறேன்.

— ரெண்டு நாள்ல பன்னு ஊறி சவசவன்னு ஆயிடும். கோழி மேல இருக்கிற மொறுமொறுப்பு ஒரு மணி நேரத்துக்குத் தாங்காது. ஆறிப்போனத அவரு தொட மாட்டாரு.

— செத்தவன் சூடு பாப்பானா?

— அவரு பாப்பாரு. பாருங்க அத்தை, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடை தொறந்ததும் மொத ஆளா வாங்குறேன். லேப்ல லீவு சொல்லிடுறேன், ஒரு நாள் ரத்தம் எடுக்க வேற ஆளு இருக்கு. ஆட்டோவுல வந்தா அரை மணி நேரம். பன்னெண்டு மணிக்கு நீங்க எலை போடுறப்ப சூடா எலையில இருக்கும். நானும் ஒரு ஓரத்துல இருப்பேன். அவ்வளவுதான்.

— ஆட்டோக்காரன்கிட்ட குடுத்து வுடு.

— என் கையால வைக்க விட மாட்டீங்களா?

— மாட்டேன்.

— அப்ப ஒண்ணு சொல்றேன், கேக்குறீங்களா? சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லாதன்னு அவருதான் சொல்லிட்டுப் போனாரு. ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டு, புருஷனத் தின்னவள்னு நீங்க குடுத்த பேரோட உறையூர்ல நடமாடிட்டேன். போதும் அத்தை. அன்னைக்கு நான் பசி தாங்காம வந்து சாப்பிடல. அவருதான் சாப்பிடச் சொன்னாரு.

— என்ன சொன்ன?

— அவருதான் அனுப்பி வச்சாரு. வியாழக்கிழமை காலையில நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து குளிச்சுத் துணி மாத்த வீட்டுக்குப் போயிருந்தீங்க. நான் கொழாய்ல கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தேன். குரலு கம்மிப்போயி வெறும் காத்தாத்தான் வரும்ல, வாய்கிட்ட காத வச்சாத்தான் புரியும். மாங்கா பர்கர் போட்டிருப்பாங்கல்ல இந்நேரம்னு கேட்டாரு. போட்டிருப்பாங்கன்னேன். நீ போயி ஒண்ணு சாப்பிடு ரஞ்சனின்னாரு. காப்பு கட்டியிருக்கேங்கன்னு கையக் காமிச்சேன். தெரியும்னாரு. என்னால முழுங்க முடியாது, நீ எனக்காகச் சாப்பிடு, ஃபோன்ல சொல்லு எப்படி இருக்குன்னு, நான் கேட்டுக்கிட்டே கெடக்குறேன்னாரு. இங்க வாங்கிட்டு வர்றேன், மோந்தாவது பாருங்கன்னு சொன்னேன். வேணாம், வாசன வந்தா என்னால தாங்க முடியாது, அங்கேயே நம்ம டேபிள்ல உக்காரு, கடைச் சத்தமும் எனக்குக் கேக்கணும்னாரு.

— டாக்டரு...

— டாக்டரு அதுக்கு மொத வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரு அத்தை. இனிமே நாள எண்ண வேண்டியதுதான், அவரு என்ன ஆசப்படுறாரோ செய்யுங்கன்னாரு. உங்ககிட்ட சொல்ல எங்க ரெண்டு பேருக்குமே தைரியம் வரல. நீங்க காப்பு கட்டின கையோட ஆத்தா குடுத்துருவா, ஆத்தா குடுத்துருவான்னு வார்டு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. அந்த மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?

— மேல சொல்லு.

— வந்து உக்காந்தேன். ஃபோன் போட்டேன். அவரு இயர்போன மாட்டிக்கிட்டாரு. மொதல்ல கடை எப்படி இருக்குன்னு கேட்டாரு, வீடியோ வேணாம், வாயால சொல்லுன்னாரு. எண்ணெ கொதிக்கிற சத்தம் கேக்குதான்னேன். கேக்குது, லின்சி நம்பர் கூப்பிடுறது கூடக் கேக்குதுன்னாரு. பேப்பரப் பிரிச்சேன். நடுவுல கடிக்காத, ஓரத்துலேர்ந்து கடி, நடுப்பாகத்தக் கடைசிக்கு வையின்னு ஆர்டர் போடுறாரு. ஃபோன வாய்கிட்ட வச்சுக்கிட்டுக் கடிச்சேன். மொறுக்குன்னு கேட்டுச்சான்னேன். கேட்டுச்சு, இன்னொரு வாட்டி கடின்னாரு.

— ம்.

— மாங்காத் தொக்கு நாக்குல பட்டதும் தாடை ரெண்டும் கூசுதுன்னேன். காரம் எப்படின்னாரு. போன வருஷத்த விடக் கூட, பச்ச மொளகாய நெறைய அரைச்சுப் போட்டிருக்காங்கன்னேன். அப்படித்தான் இருக்கணும், முந்தின வருஷம் ஏமாத்திட்டானுங்கன்னாரு. பன்னுல வெண்ணெ போட்டுக் கல்லுல வாட்டுனானான்னு கேட்டாரு. வாட்டியிருக்கான், ஓரத்துல லேசாக் கருகியிருக்குன்னேன். அந்தக் கருகுன எடத்தத் தின்னு, அதுதான் ருசின்னாரு. ஒண்ணு விடாமக் கேட்டாரு அத்தை. மயோனைஸ் மணிக்கட்டு வரைக்கும் வழியுதுங்கன்னேன். நக்குடி, வீணாக்காதன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சேன். அந்த நேரம் பாத்துதான் பெரியண்ணன் மாமா கண்ணாடிக்கு வெளிய நின்னிருக்காரு.

— அவனும் சிரிச்சானா?

— என்ன அத்தை?

— எம்புள்ள. அவனும் சிரிச்சானான்னு கேட்டேன்.

— சிரிச்சாரு. சத்தம் வரல, மூச்சு எளைக்கிற மாதிரிதான் கேட்டுச்சு. ஆனா சிரிச்சாரு. எச்சியக் கூட முழுங்க முடியாம டம்ளர்ல துப்பிக்கிட்டு இருந்த மனுஷன், ரஞ்சனி, எனக்கு நாக்குல எச்சி ஊறுதுடின்னு சொன்னாரு.

— எவ்வளவு நேரம்?

— முக்கா மணி நேரம். ஒரு பர்கர முக்கா மணி நேரம் சாப்பிட்டிருக்கேன். கடைசி வாய் இருக்குங்கன்னேன். மெதுவாத் தின்னுன்னாரு. பேப்பர்ல ஒட்டியிருந்தத வழிச்சுத் தின்னேன், அதையும் சொன்னேன். முடிஞ்சு போச்சான்னு கேட்டாரு. முடிஞ்சு போச்சுன்னேன். நல்லா இருந்துச்சுடி, வயிறு நெறஞ்சு போச்சுன்னாரு.

— வயிறு நெறஞ்சுச்சுன்னா சொன்னான்.

— அதத்தான் சொன்னாரு. பொய் சொல்ல விரும்பல அத்தை, எனக்கும் ருசிச்சுது. இருபத்தஞ்சு நாளா வெல்லமும் மாவும் தின்ன நாக்குல உப்பும் காரமும் பட்டா ருசிக்காம எப்படி இருக்கும். அவருக்காகத்தான் தின்னேன், ஆனா எனக்கும் ருசிச்சுது. அந்த ருசிச்சதுதான் இன்னைக்கு வரைக்கும் மனச அறுக்குது. நீங்க சொன்னதுல பாதி உண்மையோன்னு ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துப்பேன். விரதத்த முழுசா இருந்திருந்தா ஆத்தா மனசு எறங்கியிருப்பாளோ, டாக்டர் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிருக்குமோன்னு.

— போயிருக்காது.

— இத நீங்களா சொல்றீங்க?

— அவன் வேற என்ன சொன்னான்?

— சாயங்காலம் வந்ததும் கைய மோந்து பாத்தாரு. சோப்புப் போட்டுக் கழுவிட்டியேன்னு கோச்சுக்கிட்டாரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, அவங்களுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாங்கன்னு என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. விரதம் போச்சேன்னு நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னு சொல்றாருன்னு நெனச்சேன். அதனாலதான் கருமாதி அன்னைக்கு நீங்க அத்தனை சொல்லியும் வாயத் தொறக்கல. எங்கப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. எங்கம்மா எங்கிட்ட ஆறு மாசம் சரியாப் பேசல. அப்பவும் தொறக்கல.

— இன்னைக்கு மட்டும் எதுக்குத் தொறந்த?

— வெள்ளிக்கிழமை அங்க நிக்கணும் எனக்கு. அதுக்குத்தான் சத்தியத்த விட்டுட்டேன். என்னை உள்ள விடாம இருக்க உங்களுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப அது இல்ல. பெரியண்ணன் மாமாகிட்ட நானே சொல்றேன், நீங்க யாருக்கும் வெளக்கம் சொல்ல வேணாம். கருமாதியில பேசுனதுக்கு மன்னிப்பெல்லாம் நான் எதிர்பாக்கல. வாடின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.

— பர்கரு ஆறிப் போவுது. சாப்பிடு.

— பதில் சொல்லுங்க அத்தை.

— வராத.

— இவ்வளவு கேட்டதுக்கு அப்புறமுமா?

— ஆமா.

— நம்பலையா? அவரு ஃபோன் இன்னும் உங்ககிட்டதான் இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் என்னோட நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசுனது அதுல இருக்கும், எடுத்துப் பாருங்க. பொய்யின்னா என்னை எந்தக் கோயில்ல வேணா நிக்க வையுங்க.

— பொய்யின்னு சொன்னேனா? ஃபோன எடுத்தெல்லாம் பாக்க வேணாம். பெரியண்ணன் வந்து சொன்ன அந்த நிமிசமே தெரியும் எனக்கு. நீ யாருக்காகத் தின்னேன்னு.

— தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா கருமாதியில அப்படிப் பேசுனீங்க? எங்கப்பா அம்மா முன்னாடி?

— தெரிஞ்சுக்கிட்டேதான் பேசுனேன்.

— மனுஷியா நீங்க? ஒரு வருஷம். ஒரு வருஷம் முழுக்க என் மேல அந்தப் பழியப் போட்டு வச்சிருந்தீங்க. எதுக்கு? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?

— நீ ஒண்ணும் பண்ணல. கத்தாத, சனம் பாக்குது. அந்தப் பழிய யாரு மேலயாச்சும் போட்டாத்தான் எனக்கு ஒரு வாய் சோறு எறங்குச்சு. போடலைன்னா அது என் மேல வந்து ஒக்காரும். வெள்ளிக்கெழம நீ வந்தேன்னா அவன் படத்துக்கு அந்தப் பக்கம் நீ நிப்ப, இந்தப் பக்கம் நான் நிக்கணும். என்னால முடியாதுடி. அந்த மூஞ்சியப் பாத்து, ஒன்னையப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எலையில அத எடுத்து வைக்க என்னால முடியாது.

— ஏன் முடியாது? எனக்குப் புரியல. நான்தான அவருகிட்ட பேசுனேன், என்னைத்தான சாப்பிடச் சொன்னாரு. உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?

— முந்துன நாளு நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்தப்ப, அந்தக் கடைக்குப் போயி எனக்காக ஒண்ணு தின்னும்மான்னு எம்புள்ள மொதல்ல என்னையத்தாண்டி கேட்டான். விரதம் முடியட்டும்டான்னு அவன் கையத் தட்டி வுட்டுட்டேன்.